வீட்டு அட்வான்ஸும் ஆஸ்பத்திரி பில்லும்

1/ அமெரிக்காவில் வாடகைக்கு வீடு கேட்டால் கிரெடிட் ஸ்கோர் பார்ப்பாங்க. கட்டாத மருத்துவ பில் அதில் தெரிஞ்சா சிக்கல். நம்ம காஞ்சிபுரத்துல ஸ்கோர் கேட்கமாட்டாங்க; "அட்வான்ஸ் எவ்வளவு தருவீங்க?"ன்னுதான் கேட்பாங்க.

2/ அந்த அட்வான்ஸைத்தான் நோய் விழுங்குது. முதல்ல கைக்காசு, அப்புறம் நகை அடகு, அப்புறம் தறி முதலாளிகிட்ட முன்பணம். கடைசியா வீட்டு ஓனர்கிட்ட, "வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க." அது தீர்ந்தா அடுத்த வீட்டுக்குக் கொடுக்க எதுவும் இருக்காது.

3/ நெசவாளருக்கு இது இரட்டை அடி. குழித்தறி போட தரையில பள்ளம் எடுக்கணும். அதுக்குச் சம்மதிக்கிற ஓனர் கிடைக்கிறது கஷ்டம். வீடு போனா தறி போச்சு, தறி போனா கூலி போச்சு. முன்பணக் கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

4/ அதனால, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை உடம்பு நல்லா இருக்கும்போதே எடுத்து வைங்க. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தா, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. தனியார்ல சேர்றதுக்கு முன்னாடியே "இந்த ஆபரேஷன் திட்டத்துல வருமா?"ன்னு கேளுங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்குக் கேட்டா லேட்.

5/ 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் 3 மாச வாடகைதான். ஆனா ஒப்பந்தத்துல கூடுதலா எழுதிக் கையெழுத்துப் போட்டா அது செல்லும். படிச்சுட்டுப் போடுங்க.

6/ சர்க்கரை, பிரஷர் மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில இலவசம். தறியை விட்டு வர முடியலன்னா 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கிட்ட சொல்லுங்க, வீட்டுக்கே வரும். பக்கவாதம் வந்தப்புறம் ஆகிற செலவுதான் அட்வான்ஸைத் தின்னும். மாத்திரையை நிறுத்தாதீங்க.