ஒரு பரப்பு மழை

யாழ்ப்பாணத்தில் காணி பேசினால் பரப்புக் கணக்குத்தான். 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். சதுர அடியில் ஒரு பரப்பு 2,722.5. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும் (விலை அதைவிட நல்லாத் தெரியும்!).

அந்த ஒரு பரப்பில் ஓர் அங்குல மழை பெய்தால்? பரப்பளவை உயரத்தால் பெருக்கக் கனவளவு. ஓர் அங்குலம் அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆக, ஏறத்தாழ 227 கன அடி. கன அடிக்கு 28.3 லீற்றர் என்றால் கிட்டத்தட்ட 6,400 லீற்றர்!

வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைதான் கிணற்றுத் தண்ணீர். நாங்களோ முற்றம் முழுக்கச் சீமெந்து பூசி அதை ஒழுங்கைக்குத் திருப்பிவிடுகிறோம். ஐப்பசிக்கு முன்னம் கொஞ்சம் மண்தரையாவது விட்டு வையுங்கோ.