விளக்கை முகத்தில் தேடுங்கள்

ஒரு நல்ல உருவப்படத்தைக் கையில் கொடுத்தால், ஸ்டுடியோ வேலை கற்க வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது "என்ன லைட் போட்டிருக்காங்க சார்?" என்றுதான். அடுத்து விலையைக் கேட்பார்கள். விலையை அப்புறம் பார்க்கலாம். முதல் கேள்விக்கான பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது. எடுத்தவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டியதில்லை. முகங்களுக்கு விளக்கு வைத்தே பிழைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு படத்தைப் பார்த்து விளக்கு எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கப் பழகிவிட்டால், உலகத்தின் பெரிய படக்காரர்கள் அத்தனை பேரும் உங்களுக்கு வாத்தியார்கள்தான்.

முதலில் கண்ணுக்குப் போங்கள். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், கேட்ச்லைட் என்போம். கருவிழியின் மேற்பரப்பு வளைந்தது, ஈரமானது. அதனால் எதிரே நின்ற விளக்கின் உருவத்தை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். சதுரமாக இருந்தால் சாஃப்ட்பாக்ஸ், அல்லது ஜன்னல். குறுக்கே சட்டம் ஓடினால் ஜன்னலேதான். வட்டத்துக்குள் கம்பிகள் தெரிந்தால் குடை. கண்மணியைச் சுற்றி வளையம் இருந்தால் லென்ஸைச் சுற்றிப் பொருத்தும் ரிங் ஃபிளாஷ். மார்ட்டின் ஷோலர் எடுத்த, சட்டம் முழுக்க முகமே நிறைந்திருக்கும் படங்களைப் பாருங்கள். கண்மணிக்கு இரு பக்கமும் செங்குத்தாக இரண்டு கோடுகள் நிற்கும். முகத்துக்கு இரு புறமும் நீளமான ஃபுளோரசன்ட் விளக்குகளை அவர் நிறுத்தியிருக்கிறார்.

உருவம் தெரிந்ததும் இடத்தைப் பாருங்கள். கருவிழியைக் கடிகாரமாக வைத்துக்கொண்டால் புள்ளி 10 மணியில் இருக்கிறதா, 12-லா, 2-லா? கீழே 6 மணிப் பக்கம் மங்கலாக இன்னொன்று தெரிந்தால், மடிப் பக்கம் ரிஃப்ளெக்டரோ வெள்ளைத் தெர்மாகோலோ பிடித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணப் படங்களில் மணப்பெண் பாதி நேரம் தலை குனிந்துதான் இருப்பாள், கண் தெரியாது. அப்போது ஜிமிக்கியின் உருண்டை மணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த அறையில் எரிந்த விளக்கெல்லாம் அதற்குள் இருக்கும்.

ஆனால் கண் சொல்வதை மட்டும் நம்பி எழுந்துவிடாதீர்கள். நெகட்டிவ் காலத்திலிருந்தே டச்சிங் செய்கிறவர்கள் வேண்டாத புள்ளியை அழித்துவிடுவார்கள். இன்று கணினியில் அது நொடி வேலை. நிழலை அப்படிச் சுலபமாக மாற்றிவிட முடியாது. மூக்கின் நிழலைப் பாருங்கள். நேர் கீழே, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் சின்னதாக விழுந்தால் விளக்கு கேமராவுக்கு நேர் மேலே உயரத்தில் நின்றது. ஹாலிவுட்டில் மார்லீன் டீட்ரிக்கை இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க் காட்டியது இந்த ஒளியில்தான். நிழல் பக்கவாட்டில் நீண்டு கன்னத்து நிழலோடு சேர்ந்து, கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சத்தை மட்டும் மிச்சம் வைத்தால் ரெம்பிராண்ட் ஒளி. முகத்தில் சரிபாதி இருட்டாக இருந்தால் விளக்கு தோளுக்கு நேராகப் பக்கத்தில் நின்றிருக்கிறது. கண்ணும் மூக்கும் ஒரே கதையைச் சொல்லவில்லை என்றால் இன்னொரு விளக்கு இருக்கிறது, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, நிழலின் ஓரம். கத்தி வெட்டு மாதிரி இருந்தால் விளக்கு முகத்துக்குச் சிறியதாகத் தெரிந்திருக்கிறது. ஓரம் கரைந்து போயிருந்தால் பெரியதாகத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு பெரிய விளக்கு என்பதை விட, முகத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. சூரியனின் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் உச்சி வெயிலில் நிழல் கறாராக விழுகிறது. மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகி, நிழல் கரைந்துவிடுகிறது. 4 அடி சாஃப்ட்பாக்ஸ் வாங்கி 15 அடி தள்ளி வைக்கிறவர்கள் காசைக் கரியாக்குகிறார்கள்.

பின்னணியும் பேசும். படத்தில் சுவர் கறுப்பாக இருக்கிறது என்று கறுப்புத் துணி வாங்க ஓடாதீர்கள். வெள்ளைச் சுவராகக் கூட இருக்கலாம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும். விளக்கு முகத்துக்கு 1 மீட்டரிலும் சுவருக்கு 3 மீட்டரிலும் இருந்தால், சுவருக்குப் போவது ஒன்பதில் ஒரு பங்குதான்; மூன்று ஸ்டாப்புக்கு மேல் இறங்கி வெள்ளை அடர்ந்த சாம்பலாகிவிடும். அதே விளக்கை முகத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி வைத்தால் சுவருக்கும் முகத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் வராது. ஒரே விளக்கு, ஒரே சுவர், இரண்டு படங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் பார்த்துப் பழகும் வெளிநாட்டுப் படங்களில் பெரும்பாலும் வெளுத்த தோல். அதில் நிழலை வைத்து முகத்தின் வடிவத்தைப் படிக்கலாம். நம்முடைய கறுத்த, மாநிற முகங்களில் வடிவத்தைச் சொல்வது பளபளப்பு. நெற்றியில், மூக்குத் தண்டில், கன்ன மேட்டில் விளக்கு எப்படி மினுங்குகிறது என்று பாருங்கள். விளக்கின் உருவம் அங்கேயே கிடைக்கும். பெரிய விளக்கைப் பக்கத்திலிருந்து சாய்த்துக் கொடுத்தால் அந்த மினுமினுப்பு அகலமாகப் பரவி, முகம் செதுக்கிய மாதிரி எழும். இதைச் செய்யாமல், வெளிச்சத்தைக் கொட்டி, டச்சிங்கில் வெளுக்க வைத்து அனுப்பும் பழக்கம் நம் தொழிலில் நெடுநாளாக இருக்கிறது. அது வந்தவரின் முகத்தைத் திருத்துவது அல்ல, அவரை அவமதிப்பது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

எல்லா அடையாளங்களையும் படித்த பிறகும் முன்முடிவு நம்மைக் கவிழ்க்கும். ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளிகளையும் பண்ணையாட்களையும் நாடோடிகளையும் எடுத்தார். பின்னால் தூய வெள்ளை. பார்த்ததும் எவரும் ஸ்டுடியோ என்பார்கள். நான்கு விளக்கு, ஐந்து விளக்கு என்று கணக்குப் போடுவார்கள். உண்மையில் விளக்கே இல்லை. கட்டடத்தின் நிழல் விழும் பக்கத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதன் முன் ஆளை நிறுத்தி, திறந்த வானத்தின் வெளிச்சத்தில் 8×10 அங்குல ஃபிலிம் கேமராவில் எடுத்தவை அவை. திசை சொல்லும் நிழல் மூக்குக்கடியில் இல்லை என்பதை முதலில் பார்த்தவர் கண்டுபிடித்திருப்பார். வெள்ளைப் பின்னணியை முதலில் பார்த்தவர் கோட்டை விட்டிருப்பார்.

யூசுஃப் கார்ஷின் படங்களை நீண்ட நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஆர்மீனியர், சிறு வயதில் கனடா வந்தவர். பாஸ்டனில் கரோ என்ற படக்காரரிடம் தொழில் பழகினார். அங்கே ஜன்னல் வெளிச்சம்தான். ஒட்டாவாவுக்கு வந்து ஒரு நாடகக் குழுவோடு சேர்ந்த பிறகுதான் மின்விளக்கை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பது அவருக்குப் பிடிபட்டது. அந்த மேடை அவர் படங்களில் தெரியும்: முகத்தின் ஓரங்களில் பின்னாலிருந்து வரும் ஒளி, இருட்டிலிருந்து எழும் தலை. கைகளுக்குத் தனியாக விளக்கு வைப்பது அவர் வழக்கம். பெரியவர்களின் முகத்தை மட்டும் பார்க்காமல் கையையும் பார்த்த மனிதர் அவர்.

1941 டிசம்பர் 30. சர்ச்சில் கனடிய நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வருகிறார். சபாநாயகர் அறையில் கார்ஷ் முந்தின நாள் மாலையே விளக்குகளையும் கேமராவையும் நிறுத்தி வைத்திருந்தார். சர்ச்சில் வாயில் சுருட்டு. சாம்பல் கிண்ணத்தை நீட்டியும் அவர் சுருட்டை வைக்கவில்லை. கார்ஷ் கேமராவுக்குத் திரும்பி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், காத்திருந்தார், பிறகு நேராகப் போய், மன்னிப்புக் கேட்டபடியே சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கேமராவுக்கு வந்து சேர்வதற்குள் சர்ச்சில் முகத்தில் ஏறிய சீற்றம்தான் அந்தப் படம். 2016-இல் வந்த பிரிட்டனின் ஐந்து பவுண்டு நோட்டில் இருப்பதும் அந்த முகமே. அடுத்த நிமிடம் எடுத்த இன்னொன்றில் அதே அறையில், அதே விளக்கில், சர்ச்சில் சிரிக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கைக் கண்டுபிடித்தவருக்குப் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பது புரியும். முந்தின நாளே தயாராக இருந்ததால்தான் கிடைத்த கொஞ்ச நேரமும் கார்ஷின் கண் விளக்கின் மேல் போகாமல் மனிதர் மேல் நின்றது. ஸ்டாண்டைத் திருகிக்கொண்டே இருக்கும் படக்காரர் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் மெல்ல மெல்ல இறுகிப்போகும். பள்ளிக்கூடப் பையன் முதல் பாட்டி வரை யாருக்கும் இது பொது. ஆள் வருவதற்கு முன் உங்கள் தம்பியை ஸ்டூலில் உட்கார வைத்துத் திருகி முடித்துவிடுங்கள்.

ஆகவே இந்த வாரம் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்ணில் தெரிந்தது என்ன, மூக்கு நிழல் எங்கே, ஓரம் எப்படி, சுவர் எப்படி என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஓர் எல்.இ.டி. பல்பு, ஒரு வெள்ளை வேட்டி, ஒரு தெர்மாகோல் பலகை போதும். வீட்டில் யாரையாவது உட்கார வைத்து, எழுதியபடி விளக்கை நிறுத்தி, மூக்கு நிழல் படத்தோடு ஒத்துப்போகும் வரை நகர்த்துங்கள். உட்கார்ந்தவர் களைத்துப்போனால் நிறுத்தி டீ வாங்கிக் கொடுங்கள். கிடைத்த படத்தை அச்சடித்து, எவருடைய படத்தைப் பார்த்துக் கற்றீர்களோ அவர் பெயரைத் தேதியோடு அதன் பின்பக்கம் எழுதிவையுங்கள்.