பிடி

பெரியப்பாவிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. வெப்ளி அண்ட் ஸ்காட், .32; பர்மிங்ஹாமில் செய்தது. சொத்து வழக்குகள் நடத்திய மயிலாப்பூர் வக்கீலுக்கு இது எதற்கென்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மான் வேட்டைக்கு என்றிருப்பார்.

லஸ் முனை நடைபாதையில் வாங்கிய பழைய அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைக் கெடுத்திருந்தன. அங்கே கைத்துப்பாக்கியால் மான் சுடுகிறார்கள். 1955இல் வந்த .44 மேக்னத்தை அதற்கே உகந்ததென்று கொண்டாடியிருந்தார்கள். அதன் குண்டு 15 கிராமுக்கு மேல். இவருடையது ஆறு சொச்சம். வேகமும் ஏறக்குறைய பாதி. பெரிதாக ஒன்று தேடலாமென்றால் .38, .455 இரண்டும் இங்கே தடை செய்யப்பட்டவை. நம் பக்கத்து வேட்டைக்காரர்கள் பன்னிரண்டு போர் துப்பாக்கியோடு திருப்திப்பட்டவர்கள்.

ஆகவே இருப்பதையே தனக்கேற்ப மாற்றத் தொடங்கினார். குழல் நுனிக் குறியில், அந்தி வெளிச்சத்தில் தெரிய, வெள்ளைப் பெயின்டால் ஒரு பொட்டு. பழைய பிடியைக் கழற்றிவிட்டு ஈட்டி மரத்தில் புதுப் பிடி. களிமண்ணை இறுகப் பிடித்துக் காட்டினார். அந்த விரல் பள்ளங்களை ஆசாரி அப்படியே மரத்தில் கொண்டுவந்தார்.

"இருபத்தஞ்சு கஜத்துக்கு மேல சுடப்படாதுடா. பாவம்" என்பார்.

அந்த இருபத்தைந்து கஜம் அவருக்கு வாய்க்கவேயில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1978இல் கிண்டிக் காடு தேசியப் பூங்காவாயிற்று. அவர் ஞாயிறுதோறும் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளூரச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனபின் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நான்தான் எடுத்துச் சென்றேன். புறப்படுமுன் பிடித்துப் பார்த்தேன். அவர் பள்ளங்களில் என் விரல்கள் பொருந்தவில்லை. சுண்டுவிரலுக்கு இடமேயில்லை. வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு மனுப் போடலாம் என்றார்கள். வேண்டாமென்றேன். அந்தப் பசி எனக்கில்லை என்ற நிம்மதி, கொஞ்சம் கர்வமும்கூட.

சென்ற மாதம் ஐ.ஐ.டி. வளாகத்தில் நண்பரைப் பார்த்துவிட்டு அந்தியில் திரும்பிக்கொண்டிருந்தேன். அதுவும் கிண்டிக் காட்டிலிருந்து பிரித்தெடுத்த நிலம்தான். ஆலமரத்தடியில் கொம்போடு ஒரு புள்ளிமான். ஓடவில்லை. காதை மட்டும் என் பக்கம் திருப்பியது.

இருபத்தைந்து கஜத்துக்குள்தான் என்று மனம் கணக்கிட்டது.

வலது கையில் ஏதோ இறுக்கம். குனிந்து பார்த்தேன். வெறும் கை. விரல்கள் மடங்கியிருந்தன, சுண்டுவிரல் மட்டும் இடமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.