எல்லாப் பழியும் டேனரித் தண்ணிக்கா?

எங்கள் மாதனூர்ப் பக்கம் கழனியில் நெல் இலை பழுத்தால் உடனே சொல்லிவிடுவார்கள், "எல்லாம் டேனரித் தண்ணிதான்!" அதில் நியாயமும் இருக்கிறது. பாலாற்றை ஒட்டிய தோல் தொழிலால் கிணறும் மண்ணும் உப்பேறிய கதை ஊரறிந்தது. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்று, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த சர்வே 1996-ம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது.

ஆனால், இலையில் விழும் எல்லாப் புள்ளியும் அந்தக் கணக்கில் சேராது. இதை எனக்குப் புரியவைத்தது அக்ரி படிக்கும் என் மகள்.

போன மார்கழியில் லீவுக்கு வந்திருந்தாள். என் கொழுந்தனாரின் சம்பா நெல்லில் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. அவர் மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

"சித்தப்பா, ஒரு நாள் பொறுங்க. எண்ணிப் பார்த்துட்டு வாங்கலாம்."

"புள்ளியைப் போய் யாராவது எண்ணுவாங்களாம்மா?"

எண்ணினாள். வரப்பில் நின்று பார்ப்பது போதாதாம். கழனிக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஐந்து இடங்களில் பத்துப் பத்து குத்துகளைப் பார்த்தாள். புள்ளியே இல்லாவிட்டால் 0, இலையில் முக்கால்வாசிக்கு மேல் போயிருந்தால் 9 என்று மார்க். செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டாள். பக்கத்துக் கழனிக்காரர்களையும் கேட்டு, மூன்றே நாளில் பத்துக் கழனிகளை முடித்துவிட்டாள்.

ராத்திரி நோட்டில் வரைபடம் போட்டு, கலர் பென்சிலால் தீட்டிக் காட்டினாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறம்.

எள்ளு மாதிரி சின்னச் சின்னதாக, இலை முழுக்கப் பரவியிருப்பது செம்புள்ளி நோய். சத்துக் குறைந்த மண்ணில்தான் இது அதிகம். அதற்குப் பச்சை. கொழுந்தனாரின் மேட்டுக் கழனி மொத்தமும் பச்சை.

இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாக இருப்பது குலை நோய். காற்றில் பரவும் பூஞ்சணம். பனியும் குளிரும் கூடிய இரவுகளும், அளவுக்கு மீறிய யூரியாவும் அதற்குக் கொண்டாட்டம். அதற்குச் சிவப்பு. யூரியாவை அள்ளிப் போட்டிருந்த இரண்டு கழனிகள் சிவப்பு.

புள்ளியே இல்லாமல் நுனி மட்டும் வெளுத்துக் காய்ந்து, மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு. அதற்கு மஞ்சள். ஒரே கிணற்றுத் தண்ணி பாயும் மூன்று கழனிகள் மஞ்சள்.

வரப்பில் நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். வைத்தியமோ வேறு வேறு. செம்புள்ளிக்கு மண் பரிசோதனை செய்து, சாம்பல் சத்தும் தொழு உரமும் கொடுத்து மண்ணைத் தேற்ற வேண்டும். குலை நோய்க்கு முதலில் யூரியாவை நிறுத்திவிட்டு, பிறகு அதற்கான மருந்து. உப்புக்கு எந்தப் பூஞ்சண மருந்தும் கேட்காது.

இது சின்ன விஷயமில்லை. 1919-ல் தஞ்சை டெல்டாவில் குலை நோய் பெரும் சேதம் செய்தது. பிறகு கோயம்புத்தூரில் உருவான கோ-4 ரகம் அதை எதிர்த்து நின்று பேர் வாங்கியது. 1942-ல் வங்காளத்து நெல்லைத் தாக்கிய செம்புள்ளி, மறு வருடம் வந்த பெரும் பஞ்சத்துக்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

கொழுந்தனார் மருந்து வாங்கவில்லை. அந்தக் காசு பொட்டாஷுக்குப் போனது. விளைச்சல் கொஞ்சம் குறைவுதான்; ஆனால், வீண் செலவு இல்லை. மஞ்சள் கழனிக்காரர்கள் மூவரும் மண்ணையும் கிணற்றுத் தண்ணியையும் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"இதனால டேனரிக்காரங்க தப்பிச்சிட மாட்டாங்களா?" என்று மகளிடம் கேட்டேன்.

"இல்லம்மா. எல்லாத்துக்கும் அவங்கதான்னு சொன்னா, ஒரு புள்ளியைக் காட்டி 'இது பூஞ்சணம்'னு நம்ம வாயை அடைச்சிடுவாங்க. மூணு கழனிதான்னு காகிதத்தோட போனா, பதில் சொல்லித்தானே ஆகணும்?"

அந்த நோட்டு இப்போது கொழுந்தனார் வீட்டு அலமாரியில், பட்டாவோடு சேர்ந்து இருக்கிறது.