காளை தீனி எடுக்கலையா?

தை பிறந்தும் மெர்சிங்கில் மழை விடவில்லை. மாட்டுப் பொங்கலுக்குச் சலங்கை கட்டி நிறுத்திய காளை, மறுநாள் புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூக்கு காய்ந்து, அசை போடாமல், இடது விலாப்பள்ளம் புடைத்து நின்றது.

“கண்ணு பட்டிருச்சு தம்பி” என்றார் செம்பனைத் தோட்டத்து அண்ணன். கண்ணாவது ஒண்ணாவது! வந்தவரெல்லாம் ஆளுக்கொரு உருண்டை சர்க்கரைப் பொங்கல் ஊட்டியிருக்கிறார்கள். மாவுச்சத்து திடீரெனக் கூடினால் முதல் இரைப்பையில் அமிலம் பெருகி, அதன் அசைவு நின்றுவிடும். நல்ல மாட்டுக்கு அந்த விலாப்பள்ளத்தில் கையை மடக்கி அழுத்தினால், நிமிடத்துக்கு 1 அல்லது 2 முறை அசைவு தட்டும். இதற்கு அதுவும் இல்லை. கால்நடை மருத்துவர் வந்துதான் காப்பாற்றினார்.

மாட்டுக்குப் பொங்கல் ஒரு கைப்பிடி போதும், உறவுகளே. தீனி நிறுத்தினால் வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.