கண்டிச் சீமைச் செய்தி

கம்ப்யூட்டரில் வானொலி கேட்பவர்கள் அது சொல்லும் மணியை நம்பிக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளக் கூடாது. நிலையத்தில் பேசியது நம் காதுக்கு எட்டுவதற்குள் பத்து விநாடியோ இருபது விநாடியோ, சில வேளைகளில் அரை நிமிஷமோகூடக் கழிந்துவிடுகிறது. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி அனுப்பி, வழியில் ஏதேனும் ஒரு துண்டு தாமதித்தாலும் பாட்டு அறுந்துபோகாதபடி சிலவற்றை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே ஒலிக்கத் தொடங்குவதால் வரும் தாமதம் இது. ஒரே வீட்டில் கூடத்துக் கம்ப்யூட்டரிலும் கையிலுள்ள போனிலும் ஒரே நிலையத்தை வைத்துப் பார்த்தால், ஒன்று சொல்லி முடித்த வாக்கியத்தை மற்றொன்று அப்போதுதான் ஆரம்பிக்கும். 1994 நவம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா சர்வகலாசாலை மாணவர் நிலையம் தன் ஒலிபரப்பை இணையத்தில் விட்ட நாளிலிருந்து எவ்வளவோ மாறியிருக்கிறது; இந்தத் தாமதம் மட்டும் முழுவதும் ஒழியவில்லை.

சிற்றலைக்கு இந்தக் குணம் கிடையாது. கொழும்பில் பேசிய சொல் ஆகாயத்தில் ஏறி, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, எங்கள் இராசிபுரத்தில் வந்து இறங்குவதற்கு ஒரு விநாடியில் 300-ல் ஒரு பங்குகூட ஆகாது. பேசுகிறவர் மூச்சு வாங்கும் அதே கணத்தில் அந்த மூச்சு இங்கே கேட்டது என்பது சிறு பிராயத்தில் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. மூச்சோடு கூட இரைச்சலும் வந்தது. சேர்வராயன் மலைமேல் மின்னல் வெட்டினால் அறிவிப்பாளரின் வாக்கியத்துக்கு நடுவே அது படபடவென்று விழும். குரல் திடீரென்று தேய்ந்து, எங்கோ அமிழ்ந்து, மறுபடியும் மேலே வரும்.

இலங்கை வானொலியைப் பாட்டுக்காகக் கேட்டவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1952-ல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியாக வந்து அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை விலக்க முற்பட்டதும், ரசிகர்கள் கூட்டமாகக் கொழும்புப் பக்கம் திரும்பியதும், அவர்களைத் திருப்பி அழைக்க 1957-ல் விவித பாரதி பிறந்ததும் தெரிந்த சரித்திரம். என் மனத்தில் இன்றுவரை நிற்பது பாட்டன்று. அந்த வானொலியில் ஒவ்வொரு நாளும் வாசிக்கப்பட்ட மரண அறிவித்தலே.

இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாருடைய அன்பு மகனும், இன்னாருடைய பாசமிகு கணவரும், இன்னாரின் மாமனாரும் ஆவார். தகனக் கிரியை இன்ன மயானத்தில் நடைபெறும். உற்றார் உறவினர் இதை ஏற்றுக்கொள்ளவும். இவ்வளவுதான். சோகம் காட்டாமல், அவசரமும் படாமல், ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய முழு மரியாதையோடு அவர்கள் வாசித்தார்கள். புங்குடுதீவு, காரைநகர், சாவகச்சேரி, கரவெட்டி, உடுப்பிட்டி என்ற ஊர்ப் பெயர்களைப் பள்ளிக்கூடத்துப் பூகோளம் எனக்குக் கற்பிக்கவில்லை. அந்த அறிவித்தல்களே கற்பித்தன.

எங்கள் வீதியில் ஓர் ஆயா இருந்தாள். அவளுடைய மூத்த அண்ணன், இந்திய சர்க்கார் 1939-ல் கூலி ஆட்களின் இலங்கைப் பிரயாணத்தைத் தடை செய்வதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஒரு கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர். மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லயம் என்னும் வரிசை வீட்டில் குடியேறினார் என்பது வரையில் கடிதம் வந்தது. பிறகு எப்போதோ கடிதம் நின்றுபோயிற்று. சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து அவ்விதம் போனவர்கள் அனந்தம். ஆகவே அவளுடைய கதை எங்கள் பிரதேசத்தில் அபூர்வமானதன்று. அவள் அதை வைத்துக்கொண்டிருந்த விதந்தான் அபூர்வம். 1970-களில், தறிச் சத்தம் அடங்கும் வேளைக்கு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்து, தூணில் முதுகைச் சாய்த்து, ஜன்னல் பக்கமாக ஒரு காதைத் திருப்பி வைத்துக்கொள்வாள். பாட்டு நடக்கும்போது வெற்றிலைப் பையைத் துழாவிக்கொண்டிருப்பவள், மரண அறிவித்தல் ஆரம்பித்த உடனே பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிடுவாள். கடைசிப் பெயர் வரைக்கும் அசைய மாட்டாள். அலை தேய்ந்து ஒரு பெயர் விழுங்கப்பட்டால், என் தகப்பனாரைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் குமிழைத் திருகியபடி, “அது யாழ்ப்பாணத்து ஆளுங்க ஆயா” என்பார்.

முடிந்ததும் எழுந்து, “அண்ணன் பேரு இன்னைக்கும் வரலீங்க. எங்கியோ நல்லாத்தான் இருக்கறாருங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியைப் போன்ற நிம்மதியைக் கோயிலிலிருந்து திரும்புகிறவர்களிடம்கூட நான் அதிகம் கண்டதில்லை.

பெரியவனான பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த அறிவித்தல்கள் கட்டணம் செலுத்தி வாசிக்கப்பட்டவை. தோட்டத்து லயத்தில் இறந்துபோகும் கூலியாளுக்காகக் கொழும்புக்குப் பணம் அனுப்பி நான்கு வரி வாசிக்கச் செய்ய யாரால் முடிந்திருக்கும்? 1948-ஆம் வருஷத்து இலங்கைச் சட்டம் தோட்டத்து ஜனங்களைப் பிரஜைகள் அல்ல என்று தள்ளியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கிட்டது. 1970-களின் நடுவில் தோட்டங்களில் பட்டினிச் சாவும் நேர்ந்தது. சரியாக அந்த வருஷங்களில்தான் ஆயா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, வராத பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் வரவே வராது என்பது என் தகப்பனாருக்குத் தெரிந்திருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் அவர் சொல்லவில்லை.

இன்று காசு கொடுக்காமல், ஏரியல் கம்பி கட்டாமல், தபாலாபீசில் லைசென்ஸ் பணம் செலுத்தாமல், மேஜையின் முன் உட்கார்ந்தபடியே எந்தத் தேசத்துத் தமிழ் வானொலியையும் கேட்கலாம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முந்தியது. இங்கே விடிவதற்குள் அங்கே காலை வணக்கம் ஆகிவிடுகிறது. டொராண்டோவில் அப்போது முன்தினத்து மாலை. இந்தச் சௌகரியத்தில் நான் அதிகமாகத் தேடிப் போவது புலம்பெயர்ந்த ஈழத்தவர் நடத்தும் நிலையங்களையே. அங்கேயும் அதே வாசகத்தில், அதே நிதானத்தில் மரண அறிவித்தல் வாசிக்கிறார்கள். பிறப்பிடம் மட்டும் பழையபடி இருக்கிறது. நான் சிறுவனாயிருந்தபோது வசிப்பிடம் என்பது கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று கொழும்போடு நின்றது. 1983 கலவரத்துக்குப் பிறகு அது லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, ஸ்காபரோ என்று விரிந்து, இப்போது ஒரே மனிதருடைய மக்களும் மருமக்களும் நான்கு தேசங்களில் இருப்பதை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஈழ யுத்தத்தைப் பற்றி நான் படித்த புஸ்தகங்கள் எவையும் இந்த வாசகத்தைப் போல அதை எனக்கு உணர்த்தவில்லை.

இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியம் ஆசியாவிலேயே பெயர் பெற்றது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லாரும் கேட்கும்படி செய்ய வேண்டும் என்று ரசிகர்கள் கேட்கிறார்கள், நியாயமே. ஆனால் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேறு எங்காவது ஒரு பிரதி இருக்கும். நாள்தோறும் வாசித்த அறிவித்தல்களின் காகிதங்களுக்குப் பிரதி ஏது? எந்த அலமாரியிலேனும் அவற்றில் ஒரு கட்டு மிஞ்சியிருக்குமானால், கரையான் அரிக்குமுன் முதலில் எடுத்துக் காப்பாற்ற வேண்டியது அதுதான். தோட்டத்து ஜனங்களின் பெயர்கள் அதில் அகப்படுவது கஷ்டம். அவற்றுக்குத் துரைமார் எழுதி வைத்த செக்ரோல் புத்தகங்களைத் தேடிப் போகவேண்டும். ஆள் பெயர், வேலை செய்த நாள், சம்பளம் எல்லாம் அவற்றில் உண்டு. யாராவது அவற்றை உரக்க வாசித்து இணையத்தில் விடுவார்களானால், எவ்வளவு விநாடி தாமதித்து வந்தாலும் கடைசிப் பெயர் வரைக்கும் நான் கேட்பேன்.