ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மான்

நவம்பர் பிறந்துவிட்டால் வினோனாவில் யாரையும் நம்பி ஒரு வேலையைத் தொடங்க முடியாது. குழாய் பழுதுபார்க்க வருகிறேன் என்றவர் வரமாட்டார். கார் மெக்கானிக் மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுவார். கேட்டால் இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: இன்றைக்குக் காற்று வடமேற்கிலிருந்து அடிக்கிறது.

வினோனா, மினசோட்டா மாநிலத்தின் தென்கிழக்கு ஓரத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். பாலத்தைத் தாண்டினால் விஸ்கான்சின் மாநிலம். அங்கே முதலில் வருவது பஃபலோ கவுண்டி. வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிற அமெரிக்கர்களுக்கு அது திருத்தலம். பனியுகத்தின் பனிப்பாளங்கள் இந்த வட்டாரத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டன. அதனால் அக்கம்பக்கத்து நிலமெல்லாம் தட்டையாகக் கிடக்க, இங்கே மட்டும் செங்குத்தான குன்றுகள், இடுக்குப் பள்ளத்தாக்குகள். மேலே ஓக் மரங்கள், கீழே மக்காச்சோளமும் சோயாவும். ஒளிய மேடு, தின்னப் பள்ளம். வெண்வால் மானுக்கு வேறென்ன வேண்டும்?

நான் வில் பிடித்தவன் இல்லை. ஆனால் என்னோடு வேலை பார்க்கிற இரண்டு பேர் இதிலேயே ஊறியவர்கள். ஒருவர் இந்தக் கரை, மற்றவர் அந்தக் கரை. இக்கரைக்காரரின் தங்கையைத்தான் அக்கரைக்காரர் கட்டியிருக்கிறார். அவர்கள் மொழியில் அந்த உறவுக்கு இருக்கும் பெயரில் ஒரு குறும்பும் இல்லை. ஆனால் நம்மூரில் மாமன் மச்சானுக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையையும் இவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மதிய உணவு மேசையில் இருவருக்கும் நடுவே உட்காருவது என் விதி.

சண்டையின் வேர் நாட்காட்டியில் இருக்கிறது. இரண்டு மாநிலத்திலும் வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கிவிடும். ஆனால் மான்கள் இணை தேடி, பகலென்றும் பாராமல் அலையும் காலம் நவம்பரின் முதல் பாதி. மற்ற நாளெல்லாம் பெரும்பாலும் இரவிலேயே நடமாடும் முதிர்ந்த ஆண் மான் அப்போதுதான் புத்தி கெட்டு வெளிச்சத்துக்கு வரும். மினசோட்டா சரியாக அந்த நேரத்தில், நவம்பர் ஆறாம் தேதியை ஒட்டிய சனிக்கிழமையில், துப்பாக்கிக்காரர்களைக் காட்டுக்குள் விடுகிறது. விஸ்கான்சினில் துப்பாக்கிப் பருவம் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமைதான். அதாவது அங்கே மானின் மயக்கக் காலம் முழுக்க வில்லாளிகளின் சொத்து. அந்தக் காலத்தைத் துப்பாக்கியில்லாமல் கடந்துவிடும் மான் இன்னும் ஓர் ஆண்டு வாழ்கிறது. கொம்பும் ஓர் ஆண்டு வளர்கிறது.

அக்கரைக்காரர் இதைத் தன் மாநிலத்தின் ஞானமாகச் சொல்லுவார். இக்கரைக்காரர் ஒப்ப மாட்டார். “அவங்க மானுக்கு மூளை கிடையாது. வில்லைத் தவிர ஒண்ணும் பார்த்ததில்லை. எங்க மான் துப்பாக்கிக்குத் தப்பிப் படிச்சு வந்தது. அதை இருபது கஜத்துல நிறுத்துறதுதான் வேட்டை.” இதற்கும் மேலே ஒரு அஸ்திரம் வைத்திருக்கிறார். வெண்வால் மான் நன்றாக நீந்தும். மிசிசிப்பியை அது ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஆகவே பஃபலோ கவுண்டியில் விழும் ஒவ்வொரு பெரிய மானும், அவர் கணக்கில், மினசோட்டாவில் பிறந்து வளர்ந்து அந்தப் பக்கம் நீந்திப் போனது.

வரலாற்றைக் கையில் எடுத்தால் அக்கரைக்காரருக்கே சாதகம். நவீன காலத்தில் அரசே அறிவித்த முதல் வில் பருவம் விஸ்கான்சினில், 1934-ல் நடந்தது. அமெரிக்கச் சூழலியலின் மூத்த பெயர்களில் ஒன்றான ஆல்டோ லியோபோல்டு அப்போது மேடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர். தன் வில்லைத் தானே செதுக்கிக்கொள்கிற வில் பித்தர். இன்று மலிவாகக் கிடக்கும் மான் அன்று அந்த மாநிலத்தின் தென்பகுதியில் அரிதாகிப் போயிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். வில் அப்போது விளையாட்டுச் சாமான். அதை வைத்துக்கொண்டு மானைக் கொல்ல முடியும் என்று துப்பாக்கிக்காரர்கள் நம்பவில்லை.

இன்றைய வில்லைப் பார்த்தால் அவர்கள் வாயடைத்துப் போவார்கள். மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1960களில் வில்லின் நுனிகளில் கப்பிகளை மாட்டிப் பார்த்தார். 1969-ல் காப்புரிமை கிடைத்தது. நாணை முழுதாக இழுத்துவிட்டால் பாரத்தில் பெரும்பகுதியைக் கப்பி வாங்கிக்கொள்ளும். அறுபது பவுண்டு வில்லைப் பத்துப் பதினைந்து பவுண்டு பலத்தில் பிடித்துக்கொண்டு மானுக்காகக் காத்திருக்கலாம். அக்கரைக்காரர் வைத்திருப்பது அந்த வகை, அதுவும் விஸ்கான்சினின் ஸ்பார்ட்டாவில் செய்த மேத்யூஸ். இக்கரைக்காரர் கப்பியில்லாத மரவில்தான் பிடிப்பார். “சைக்கிள் செயின் மாட்டி அம்பு விடுறாங்க” என்பது அவருடைய நிரந்தர விமரிசனம்.

எந்த வில்லாக இருந்தாலும் ஓர் எதிரி மாறுவதில்லை: சத்தம். இதை அவர்கள் தாளில் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கு இந்த வேட்டையின் மேல் ஒரு மரியாதை வந்தது. முப்பது கஜம் என்பது தொண்ணூறு அடி. நல்ல அம்பு நொடிக்கு 280 அடி போகும். ஒலியோ ஏறத்தாழ 1,100 அடி. நாணின் ‘டங்’ மானின் காதை எட்டி, கால் நொடி கழிந்த பிறகே அம்பு வந்து சேர்கிறது. மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் காலை மடக்கித் தாழும். அம்பு முதுகுக்கு மேலே காற்றைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் இருபது கஜத்துக்குள் வரட்டும் என்று பதினைந்து இருபது அடி உயரப் பரணில், மரத்தோடு வார் கட்டிக்கொண்டு, விரல் விறைக்க உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று மாறினால் மனித வாடை மானை எட்டிவிடும்; அன்றைய உட்காரல் வீண். ஒரு பருவம் முழுக்க ஓர் அம்புகூட விடாமல் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

இத்தனை வாய்ச்சவடால் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. துப்பாக்கி வேட்டைக்குக் கூட்டமாகப் போகலாம். ஒரு பக்கத்தார் விரட்ட மறுபக்கத்தார் சுடலாம். வில் வேட்டையில் ஒருவன் தனியாக ஏறுகிறான், தனியாக இறங்குகிறான். பார்த்தவர் யாருமில்லை. மரத்தடியில் வந்து நின்ற மானைப் பற்றி யாரிடம் சொல்வது? மனைவிக்குப் புரியாது, பிள்ளைக்கு அக்கறையில்லை. போட்டிக்காரன் ஒருவன்தான் ஒவ்வொரு சொல்லையும் சந்தேகித்து, குறுக்குக் கேள்வி கேட்டு, முழுதாகக் கேட்பான்.

மான்களுக்குப் பெயரும் உண்டு. மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமராக்கள் கோடையிலேயே படம் எடுத்து அனுப்பிவிடும். நம்மூரில் வாடிவாசல் திறப்பதற்கு முந்தைய மாதங்களில் காளைகளைப் பெயர் சொல்லிப் பேசுவதுபோல, இவர்கள் ஆகஸ்டிலேயே ‘கோணக்கொம்பன்’, ‘முட்கரண்டி’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். இருவரும் ஒற்றுமையாவது மூன்றாவது ஆள் வந்தால்தான். மொன்டானாவிலிருந்து வந்த ஒருவர் “நாலு முனை மான் அடித்தேன்” என்றார். இவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். மேற்கு மாநிலங்களில் ஒரு பக்கத்துக் கொம்பின் முனைகளை மட்டும் எண்ணுவார்கள், இங்கே இரண்டு பக்கத்தையும் கூட்டுவார்கள். அவருடைய நாலு இங்கே எட்டு. விளங்கிய பிறகும் இவர்கள் விடவில்லை. பாதி மானைச் சுட்டுவிட்டு மீதியை எங்கே விட்டீர்கள் என்று கேட்டார்கள். அவர் பதிலுக்கு, வில்லில் விழுந்த மிகப்பெரிய ஒழுங்குக் கொம்பு வெண்வால் மான் உங்கள் இரண்டு ஊரிலும் இல்லையே என்றார். உண்மைதான். 1965-ல் இல்லினாயின் பியோரியா பக்கத்தில் மெல் ஜான்சன் வீழ்த்தியது. கொம்பின் அளவுகளையெல்லாம் கூட்டிக் கழித்தால் 204 4/8 அங்குலம். பரணில்கூட ஏறாமல் சோயா வயலோரம் தரையில் இருந்தே எய்தார்.

இந்தக் கரை அந்தக் கரைச் சண்டையில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் கதை ஒன்று உண்டு. அது துப்பாக்கியில் விழுந்த மான். ஆனாலும் வில்லாளிகள் சொல்லாமல் விடமாட்டார்கள். 1914-ல் விஸ்கான்சினின் டான்பரி அருகே ஜேம்ஸ் ஜோர்டன் என்பவர் ஒரு பெரிய மானைச் சுட்டார். தலையைப் பாடம் செய்யக் கொடுத்தார். பாடம் செய்பவர் எல்லையைத் தாண்டி மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்துவிட, கொம்பும் போனது. பல ஆண்டுகள் கழித்து மினசோட்டாவின் சாண்ட்ஸ்டோன் ஊரில் பழைய சாமான் விற்பனையில் அதை ஒருவர் மூன்று டாலருக்கு வாங்கினார். அளந்தால் 206 1/8 அங்குலம், அன்றைய உலக சாதனை. சுட்டவர் பெயர் தெரியாததால் ஏட்டில் மினசோட்டா மான் என்று ஏறிவிட்டது. கிழவர் ஜோர்டன் அது என்னுடையது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1978 டிசம்பரில், அந்த ஏட்டை வைத்திருக்கும் பூன் அண்ட் க்ராக்கெட் சங்கம் ஒப்புக்கொண்டது. அவர் அந்த அக்டோபரிலேயே இறந்துபோயிருந்தார். இக்கரைக்காரர் இந்தக் கதைக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. “மூணு டாலர்னு கணக்குப் பார்த்தா எங்களுக்குத்தான் லாபம்” என்று முனகுவார்.

ஒரு நவம்பர் இரவு அக்கரைக்காரர் போன் செய்தார், எனக்கல்ல, மச்சானுக்கு. மங்கலில் அம்பு விட்டிருக்கிறார், பட்டிருக்கிறது. ஆனால் திரும்பக் கிடைத்த அம்பில் இருந்த ரத்தம் கருஞ்சிவப்பு. நுரை கட்டிய இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அரை மணியில் தேடலாம். கருஞ்சிவப்பு ஈரல், பல மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பின்தொடர்ந்தால் படுத்த மான் எழுந்து அடுத்த கவுண்டிக்கு ஓடும். பக்கத்துப் பண்ணையில் நாலைந்து வேட்டைக்காரர்கள் இருக்க, பாலம் தாண்டி ஆள் அழைக்கிறீர்களே என்று அவரிடம் கேட்டேன். “ரத்தம் பார்க்கிறதுல இவனுக்கு ஈடு விஸ்கான்சின்ல ஆள் இல்லை” என்றார். பகலில் அவர் வாயிலிருந்து வரும் வாக்கியம் அல்ல அது.

டார்ச் பிடிக்க நானும் போனேன். உறைபனி படிந்த ஓக் சருகில் ஒரு துளி. பிறகு பத்தடிக்கு ஒன்றுமில்லை. கடைசியாகக் கண்ட துளியின் மேல் டாய்லெட் பேப்பர் துண்டைச் செருகிவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள். திரும்பிப் பார்த்தால் அந்த வெள்ளைத் துண்டுகள் மான் போன திசையைக் கோடாகக் காட்டும். இக்கரைக்காரர் முழங்காலிட்டு இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதுவரை நான் கேட்டிராத குரலில், மச்சானை ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யாமல் பேசினார். தடம் வேலியைத் தாண்டியது. அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் நுழைய முடியாது. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் கதவைத் தட்டினோம். வந்தவர் கோபிப்பார் என்று நினைத்தேன். பூட்சை மாட்டிக்கொண்டு அவரும் வந்துவிட்டார். ஓடையோரப் புதரில் மான் கிடந்தது. பத்து முனை. இக்கரைக்காரர் கொம்பில் விளக்கடித்து எண்ணி முடித்தார். வயிற்றைக் கிழிக்க வசதியாகப் பின்காலைத் தூக்கிப் பிடித்தார். அப்புறம்தான் வாய் திறந்தது: “ரோமம் இன்னும் ஈரமா இருக்கு. நீந்தி வந்த களைப்பு.”

அந்த மானை மினசோட்டாவுக்குள் கொண்டுவர முடியாது. விஸ்கான்சின் காட்டு மான்களிடம் 2002-ல் மூளையைத் தாக்கும் ஒரு தேய்வு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது மினசோட்டாவிலும் இருக்கிறது. வெளிமாநில மானின் தலையும் முதுகெலும்பும் பாலம் தாண்டக் கூடாது என்பது சட்டம். எலும்பு நீக்கிய கறியும், சுத்தம் செய்த கொம்பும் மட்டும் வரலாம். எனக்கு வந்த பங்கை நல்லெண்ணெயில் மிளகு போட்டு வறுத்தேன். போனில் அம்மாவிடம் சொன்னேன். “மானையாடா?” என்றாள். அந்தக் கேள்விக்குள் 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டமும் கிண்டி பூங்காவின் புள்ளிமான்களும் எல்லாமே இருந்தன. இங்கே ஓநாய் இல்லாத சோளக்காட்டில் மான் பெருகுவதையும், சாலையில் கார்கள் அவற்றின் மேல் மோதுவதையும் விளக்க முயன்றேன். “சரி, நீ வேட்டைக்குப் போகாதே” என்று முடித்துவிட்டாள்.

வில் வேட்டைச் சாதனைகளைப் பதியும் போப் அண்ட் யங் சங்கத்தின் ஏட்டில் ஏற, ஒழுங்கான கொம்புக்கு 125 அங்குலம் வேண்டும். அறுபது நாள் காய்ந்த பிறகே அதிகாரபூர்வமாக அளப்பார்கள். பிப்ரவரியில், பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் கால் அங்குல அகல நாடாவோடு வந்தார். மூலக்கொம்பு, ஒவ்வொரு முனை, நாலு இடத்தில் சுற்றளவு, உள்ளகலம் என்று எட்டில் ஒரு பங்கு அங்குலம்வரை எழுதினார். இடமும் வலமும் ஒத்துப் போகாத ஒவ்வோர் இடத்துக்கும் கழிவு. கூட்டிக் கழித்தால் 124 6/8. கால் அங்குலம் குறைவு.

அக்கரைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு காபி ஊற்றப் போனார். இக்கரைக்காரர்தான் விடவில்லை. இடது கொம்பின் மூன்றாம் முனையைத் திரும்ப அளக்கச் சொன்னார். நாடா வளைவை ஒட்டிப் போகவில்லை என்றார். அளப்பவர் பொறுமையாக மறுபடி அளந்தார், அதே எண். இவர் இரண்டாவது தடவையும் வாதாடினார். மச்சானுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறீர்களே என்று நான் கேட்டேன்.

“அவனுக்காகவா?” என்றார் எரிச்சலோடு. “மினசோட்டா மானைக் குறைச்சு அளக்கிறாங்க, நான் பார்த்துட்டு நிக்கணுமா?”